ஒருவர் எழுந்தார், சரி. என் அம்மாவுக்கு என்ன?

வாசகர் கேள்வி: 17-04-2025

அம்மா இறந்து நாலு மாசம் ஆகுது. கடைசி இரண்டு வருஷம் மறதி நோய். முடிவில் என் பெயரே அவங்களுக்குத் தெரியல. அடக்க ஆராதனையில் ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்றாங்க: "நமக்கு உயிர்த்தெழுதலின் நம்பிக்கை இருக்கு, அழாதே." நானும் விசுவாசிதான். இயேசு எழுந்ததை நான் மறுக்கல. ஆனா கணக்கு புரியல. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் கல்லறையிலிருந்து எழுந்தார், சரி. அதனால என் அம்மாவுக்கு என்ன? ஒருத்தருக்கு லாட்டரி விழுந்தா மத்தவங்க வீட்டுக்கும் பணம் வந்துடுமா? வசனத்தை அடுக்காம யாராவது பதில் சொல்லுங்க.

17-04-2025, இரவு 10.50

லாட்டரி உதாரணம் பொருந்தாது. முதல் நூற்றாண்டில் சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய பவுல் எடுத்தது வயல் உதாரணம். அடுக்க வேண்டாம் என்றதால் ஒரே ஒரு வசனம், 1 கொரிந்தியர் 15:20. "நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார்."

முதற்பலன் என்றால் அறுப்பின் முதல் கதிர்க்கட்டு. அறுக்கத் தொடங்கியதும் முதல் கட்டை ஆசாரியனிடம் கொண்டுபோக வேண்டும், ஓய்வுநாளுக்கு மறுநாள் அவன் அதைக் கர்த்தருடைய சந்நிதியில் அசைவாட்டுவான் என்று லேவியராகமம் 23 சொல்கிறது. முதல் கட்டு வந்துவிட்டதென்றால் மீதி வயலும் விளைந்து நிற்கிறது. அதைப் பார்த்து "இந்தக் கட்டுக்கு என்ன அதிர்ஷ்டம்" என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டான்.

அன்றைய யூதக் கட்சிகளில், கடைசி நாளில் எல்லாரும் மொத்தமாக எழுவார்கள் என்று பரிசேயர் நம்பினார்கள். சதுசேயர் அதையும் மறுத்தார்கள். லாசரு செத்தபோது அவன் சகோதரி மார்த்தாள் இயேசுவிடம் சொல்வது முதல் கட்சியின் கணக்கு: கடைசி நாளில் எழுந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைசி நாளுக்கு முன்பே, உலகம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் எழுவார் என்று எந்தக் கட்சியும் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் சீஷர்கள் அதை "அவர் தப்பித்துவிட்டார்" என்று சொல்லாமல் "அறுப்பு தொடங்கிவிட்டது" என்று சொன்னார்கள். உங்கள் அம்மா அந்த வயலில் இருக்கிறார். கணக்கு அவ்வளவுதான்.

18-04-2025, மதியம் 3.15

நேற்று எழுதியதை இப்போது வாசித்தேன். பத்து மார்க் கேள்விக்கு விடை எழுதின மாதிரி இருக்கிறது. "கணக்கு அவ்வளவுதான்" என்று வேறு முடித்திருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் அம்மாவைப் பறிகொடுத்தவரிடம்.

தங்கச்சி (நீங்கள் அண்ணா என்று எழுதியிருந்ததால் இந்த உரிமை), முதலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது வருஷம் முன்னால் என் தம்பி போய்விட்டான். 31 வயது, சாலை விபத்து. அடக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர் என் தோளில் கைவைத்து, "விசுவாசி அழக்கூடாது, சாட்சி கெட்டுப்போகும்" என்றார். நானும் அழவில்லை. ஆராதனை ஒழுங்கு, வந்தவர்களுக்கு நாற்காலி, பாட்டுப் புத்தகம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். "எவ்வளவு உறுதியான விசுவாசம்" என்று நாலு பேர் பாராட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து அலமாரியை ஒழிக்கும்போது அவன் ஹெல்மெட் கிடைத்தது. அன்றைக்கு அவன் போடாமல் போன ஹெல்மெட். தரையில் உட்கார்ந்தவன் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெரியவர் மனதில் வைத்துச் சொன்ன வசனம் பவுல் பிலிப்பியருக்கு எழுதியது. ஆனால் அவர் அதைப் பாதியில் வெட்டிவிட்டார். "துக்கிக்காதீர்கள்" என்று பவுல் முற்றுப்புள்ளி வைக்கவில்லை. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்கிறார். அப்படியானால் துக்கிக்க இன்னொரு விதம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று ரோமருக்கு எழுதியதும் இதே ஆள்தான்.

அவன் கல்லறைக் கல்லில் பெயர் தப்பாக இருக்கிறது. ள வர வேண்டிய இடத்தில் ல. "எழுந்து வரும்போது அவனே பார்த்துச் சிரிச்சுக்குவான்" என்று அப்போது ஜோக்கடித்துவிட்டு விட்டுவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அப்படியே இருக்கிறது.

18-04-2025, மாலை 6.02

திருத்தம். பிலிப்பியர் இல்லை, 1 தெசலோனிக்கேயர் 4:13. மூன்று பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள், அதில் ஒருவர் கொஞ்சம் சந்தோஷமாகவே. நான் பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு பள்ளி ஆசிரியன். இதை என் வகுப்புப் பிள்ளைகளிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

திருத்தினதிலும் ஒரு லாபம். தெசலோனிக்கேயர் நிருபம் கி.பி. 50, 51 வாக்கில் எழுதப்பட்டது, நம் கையில் இருக்கும் கிறிஸ்தவ எழுத்துகளிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. அதிலேயே உங்கள் கேள்வி இருக்கிறது. "அவர் திரும்ப வருவதற்குள் எங்கள் ஆட்கள் செத்துப்போகிறார்களே, அவர்கள் கதி என்ன?" என்ற கவலைக்குத்தான் பவுல் அங்கே பதில் எழுதுகிறார். சபை தொடங்கி இருபது வருஷம்தான் இருக்கும், அதற்குள் இந்தக் கேள்வி வந்துவிட்டது. நீங்கள் ஒன்றும் விசுவாசத்தில் குறைந்தவர் இல்லை.

19-04-2025, சனி, இரவு 9.40

வருஷாவருஷம் இந்தச் சனிக்கிழமையை நாம் தாண்டிக் குதித்துவிடுகிறோம். வெள்ளி அழுகை, ஞாயிறு அல்லேலூயா, நடுவில் இருக்கும் நாளுக்கு ஒரு பாட்டுகூடக் கிடையாது. நற்செய்தி எழுதியவர்களும் அந்த நாளைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஓய்ந்திருந்தார்கள் என்கிறார் லூக்கா. கல்லறைக்குக் காவல் வைத்தார்கள் என்கிறார் மத்தேயு. சீஷர்களுக்கு அது "ஞாயிறுக்கு முந்தின நாள்" என்று தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்துபோயிருந்தது.

எனக்கு உயிர்த்தெழுதல் பகுதியிலேயே மிகவும் பிடித்த வார்த்தை "எழுந்தார்" கிடையாது. எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன இரண்டு சீஷர்கள் வழியில் சேர்ந்துகொண்டவரிடம் சொல்லும் "நம்பியிருந்தோம்." லூக்கா 24:21. இறந்தகாலம். எருசலேமிலிருந்து அறுபது ஸ்தாதி, ஏறக்குறைய 11 கிலோமீட்டர், அவ்வளவு தூரமும் யார் செத்துப்போனார் என்று இவர்கள் புலம்புகிறார்களோ அவரிடமே புலம்பிக்கொண்டு நடக்கிறார்கள். காலையில் பெண்கள் கல்லறை காலி என்று சொன்னதும் இவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அவர் உடனே "நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்ன நடந்தது என்று கேட்கிறார். அவர்கள் வாயாலேயே முழுக்கதையையும் சொல்லவைக்கிறார். அதற்கப்புறம் கொஞ்சம் திட்டுகிறார், அது வேறு விஷயம். ஆனாலும் திட்டுவதற்கு முன்னால் கேட்டார். அடக்க வீட்டுக்குப் போகிறவர்கள் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

20-04-2025, காலை 7.20

எழுந்தார். வேறு எழுத நேரமில்லை, பிள்ளைகளின் நாடகத்தில் தூதனுக்குக் காய்ச்சல்.

21-04-2025, இரவு

திருத்தந்தை பிரான்சிஸ் இன்று காலை காலமானார். 88 வயது. நேற்றுதான் மாடத்திலிருந்து ஈஸ்டர் ஆசி கொடுத்தார், குரல் மிகவும் தளர்ந்திருந்தது. "ஈஸ்டர் அன்றைக்கே போனார், என்ன பாக்கியம்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். ஈஸ்டர் திங்கள். ஞாயிறு இல்லை.

நாள் நட்சத்திரம் பார்த்து சாவை அழகாக்குவது எனக்கு இடிக்கிறது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

22-04-2025

இரண்டு சில்லறை விஷயம்.

ஒன்று, கல்லறையில் தலைச்சீலை மடித்து வைக்கப்பட்டிருந்ததைப் பற்றி வாட்ஸப்பில் சுற்றும் கதை. யூத வழக்கத்தில் எஜமான் துணியை மடித்துவைத்தால் "திரும்ப வருவேன்" என்று வேலைக்காரனுக்கு அடையாளமாம். அருமையான கதை. நானே ஒரு ஈஸ்டருக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிறகு தேடிப் பார்த்ததில், அனுப்புகிறவர்கள் யாரிடமும் ஒரு பழைய நூலின் பெயர்கூட இல்லை. யோவான் 20:7-ல் இருக்கும் கிரேக்கச் சொல் முகம் துடைக்கிற, முகத்தில் கட்டுகிற துணியைக் குறிக்கும், பந்தியில் கை துடைக்கிற துணியை இல்லை. வாபஸ் வாங்குகிறேன். துணி அந்த ஒழுங்கில் கிடந்தது உண்மையான விவரம்தான், திருடன் சீலையைச் சுற்றி வைத்துவிட்டுப் போகமாட்டான். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

இரண்டு, போன வாரம் ஒருவருக்குப் பதில் எழுதும்போது "தோமா காயத்தில் விரலை விட்டுப் பார்த்து நம்பினார்" என்றேன். தப்பு. சந்தேகப்பட்ட அந்தச் சீஷனிடம் இயேசு தொடச் சொன்னார், அவ்வளவுதான். தோமா தொட்டதாக யோவான் எழுதவே இல்லை. பார்த்ததும் "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றான். காரவாஜியோ வரைந்த படத்தில் விரல் காயத்துக்குள் போகிறது, அந்தப் படம் நம் மண்டைக்குள் வேதத்தைவிட ஆழமாக உட்கார்ந்திருக்கிறது.

விரல் போனதோ இல்லையோ, காயம் அங்கே இருந்தது. சாவை ஜெயித்த சரீரத்தில் தழும்பை மட்டும் அழிக்க முடியாதா? விட்டுவைத்திருக்கிறார். நடந்தது நடக்காததாக ஆகவில்லை. என் தம்பி விஷயத்தில் எனக்கு இதுதான் முக்கியம். அவன் எழுகிற நாளில் "விபத்தே நடக்கவில்லை" என்று யாரும் என்னிடம் சொல்லப்போவதில்லை.

26-04-2025

சாவை அழகாக்குவது பற்றி.

தமிழில் "இயற்கை எய்தினார்" என்கிறோம். நாகரிகமான சொல். புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் "சாதலும் புதுவது அன்றே" என்கிறார். ஆற்று நீர் போகிற போக்கில் போகும் தெப்பம்போல உயிர் தன் வழியே போகிறது. அந்தப் பாட்டின் நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். தம்பி போன பிறகு அந்த நிதானத்தை அடைய நிஜமாகவே முயற்சி செய்தேன். வரவில்லை. வராதது என் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் 1 கொரிந்தியர் 15:26 வேறு மாதிரி கண்ணில் பட்டது. "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்." சத்துரு! இருபது தடவையாவது அந்த அதிகாரத்தைப் பாடம் எடுத்திருப்பேன். நண்பன், வாசல், இளைப்பாறுதல், விடுதலை என்று எதுவும் பவுல் இங்கே சொல்லவில்லை. எதிரி.

ஆஸ்கர் குல்மான் என்ற வேத அறிஞர் 1955-ல் ஹார்வர்டில் பேசியபோது இரண்டு சாவுகளை அருகருகே வைத்தார். கி.மு. 399-ல் சாக்ரடீஸ் நண்பர்களோடு அமைதியாகப் பேசி, நஞ்சைக் கலங்காமல் குடிக்கிறார். ஆத்துமா உடம்பென்னும் சிறையிலிருந்து வெளியே போகிறது, இதில் அழ என்ன இருக்கிறது? பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு தரையில் விழுகிறார், வியாகுலப்படுகிறார், கூட விழித்திருக்க ஆள் தேடுகிறார். "பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும்" என்கிறது எபிரெயர் நிருபம். சாவைச் சிநேகிதனாகப் பார்த்தவர் அப்படி அழமாட்டார்.

லாசருவின் கல்லறையிலும் அப்படித்தான். இன்னும் சில நிமிஷத்தில் அவனை எழுப்பப்போகிறார், அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விட்டார். அதற்குச் சற்று முன்னால் நம் பைபிளில் "கலங்கி" என்று வருகிற இடத்தில் கிரேக்க வினைச்சொல்லுக்குள் கோபம் இருக்கிறது, உறுமுவது போல. யார் மேல் கோபம் என்று உரையாசிரியர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை, சாவின் மேல்.

அதனால் நான் சொல்ல வந்தது, தங்கச்சி, உயிர்த்தெழுதலின் நம்பிக்கை சாவோடு என்னைச் சமாதானம் பண்ணிவைக்கவில்லை. அதை வெறுக்க எனக்கு உரிமை கொடுத்தது. வேறு வழியே இல்லை என்றால் எதிரியை நண்பன் என்று கூப்பிட்டுப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். அவன் ஒரு தடவை தோற்றிருக்கிறான் என்றால் எதிரி என்றே கூப்பிடலாம். "அழாதே, நம்பிக்கை இருக்கு" என்றவர்கள் தலைகீழாகச் சொல்லிவிட்டார்கள்.

(லாசருவை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை சாக வேண்டியதாயிற்று. எழுந்து வந்ததும் பிரதான ஆசாரியர்கள் அவனையும் கொல்ல ஆலோசனை பண்ணினார்கள், யோவான் 12:10. அவனுக்கு நடந்தது உயிர்த்தெழுதல் ஆகாது. ஒரு தவணை நீட்டிப்பு.)

03-05-2025

எதிர்பார்த்தபடி விவாதம் "ஆதாரம் எங்கே" பக்கம் போய்விட்டது. கேட்டவர் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் கேட்பது நியாயம்தான், சுருக்கமாக எழுதுகிறேன்.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது கி.பி. 55 வாக்கில். அதில் "நான் பெற்றுக்கொண்டதை உங்களுக்குக் கொடுத்தேன்" என்று சொல்லித்தான் எழுந்தவரைப் பார்த்த கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறு பேர், யாக்கோபு என்று பட்டியலைத் தொடங்குகிறார். அந்த ஐந்நூறில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற தொனி. சபைக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த பட்டியல் அது.

கட்டுக்கதை என்றால் முதல் சாட்சியாகப் பெண்களை வைத்திருக்கமாட்டார்கள். பெண்களின் சாட்சியை ஏற்கக்கூடாது என்று அந்த நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் செல்சுஸ் என்ற ரோம சாம்ராஜ்யத்துத் தத்துவவாதி, பித்துப்பிடித்த ஒரு பொம்பளை சொன்னதை நம்பினார்கள் என்று இதையே பிடித்துக் கிண்டல் செய்தார். கிண்டலுக்கு இடம் கொடுக்கும் என்று தெரிந்தும் நற்செய்தி எழுதிய நால்வரும் அதை மாற்றவில்லை.

பின்காஸ் லபீட் என்று ஒரு யூத அறிஞர் இருந்தார். இயேசு உயிர்த்தெழுந்தது உண்மையில் நடந்தது என்று 1970-களில் எழுதினார். ஆனால் அவரை மேசியா என்று ஏற்கவில்லை, கடைசி வரை யூதராகவே இருந்தார். "எழுந்தது உண்மை, ஆனால் அதனால் என்ன?" என்று உங்களைப் போலவே நிற்கிறார் பாருங்கள். ஆதாரம் ஒரு ஆளை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆதாரத்தை நான் மட்டமாகப் பேசவில்லை. எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுலே பந்தயத்தை உச்சத்தில் வைத்துவிட்டார். "நடந்ததோ இல்லையோ, நல்ல கருத்து" என்று பின்வாங்க அவர் வழி விடவில்லை. ஆனால் அந்த ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் எனக்கு ஜோசிபஸ் நினைவுக்கு வரவில்லை.

04-05-2025

நேற்றைய குறிப்பில் ஒரு நேர்மைக் குறைவு. எனக்குச் சாதகமானதை மட்டும் அடுக்கியிருக்கிறேன். மாற்கு நற்செய்தி மிகப் பழைய பிரதிகளில், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்டிகஸிலும் வத்திக்கானுஸிலும், 16:8-லேயே முடிகிறது. பெண்கள் ஓடினார்கள், பயந்திருந்தபடியால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு சரி. எழுந்தவரை யாரும் பார்ப்பதாகக்கூட இல்லை. மீதி வசனங்கள் பிறகு சேர்ந்தவை. மத்தேயுவின் கடைசிக் காட்சியில், மலைமேல் அவரைப் பணிந்துகொள்ளும்போதே "சிலரோ சந்தேகப்பட்டார்கள்."

முன்பெல்லாம் இதை வகுப்பில் வேகமாகத் தாண்டிவிடுவேன். இப்போது நின்று படிக்கிறேன். அந்தச் சந்தேகப்பட்ட சிலரை அவர் மலையிலிருந்து இறக்கிவிடவில்லை. மற்றவர்களுக்குக் கொடுத்த கட்டளையை அவர்களுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்.

11-05-2025

ஒரு வாரமாகப் பதில் எழுதத் தைரியம் வராத கேள்வி. தங்கச்சி கேட்டது: "அம்மா எழுந்தா எந்த அம்மா எழுவாங்க? மறதிக்கு முன்னாடி இருந்தவங்களா, கடைசியில் என்னை யாரோன்னு பார்த்தவங்களா? என்னைத் தெரியுமா?"

முதலில் உடம்பைப் பற்றி மட்டும். அது எளிது. கி.பி. 177-ல் லியோனில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள் உடல்களை எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி எழும் நம்பிக்கையே இவர்களுக்கு இருக்கக்கூடாது என்பதற்காகவாம். அந்தச் செய்தியை எழுதி அனுப்பிய சபையின் நம்பிக்கை ஆற்றோடு போகவில்லை. ஐந்தாம் நூற்றாண்டு ஆயர் அகஸ்டின் தன் பெரிய நூலின் கடைசிப் பாகத்தில் ரொம்ப நிதானமாக உட்கார்ந்து யோசிக்கிறார்: வாழ்நாள் முழுக்க வெட்டின முடியும் நகமும் திரும்ப வருமா? குழந்தையாகச் செத்தவர் எந்த வயதில் எழுவார்? மனிதனை மனிதன் தின்றிருந்தால் அந்தச் சதை யாருக்குச் சொந்தம்? நகக் கேள்வியைப் படித்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆனால் அந்த மனுஷர் உடம்பை எவ்வளவு நேசித்திருக்கிறார் என்றும் தோன்றியது. பவுல் இதற்கெல்லாம் போவதில்லை. விதை, செடி. விதைக்கிற மணியும் முளைக்கிற கதிரும் பார்க்க ஒன்றுபோல் இருக்காது, ஆனால் வேறு ஆளும் இல்லை.

நினைவு அவ்வளவு எளிதாக இல்லை. உடம்பு ஆற்றில் போனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. நினைவு போனால் எங்கே இருக்கிறது?

ஜான் போல்கிங்ஹார்ன் என்று ஒரு இயற்பியலாளர், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டுக் குருவானவர் ஆனவர். நம் உடம்பின் அணுக்கள் வாழும்போதே மாறிக்கொண்டேதான் இருக்கின்றன, "நான்" என்பது அந்தப் பொருள்கள் இல்லை, அவை அமைந்திருக்கிற வடிவம், அந்த வடிவத்தைக் கடவுள் தம் நினைவில் வைத்திருக்கிறார் என்பார். அதாவது அம்மா யார் என்கிற பொறுப்பு அம்மாவின் மூளையிடம் இல்லை. இதை முதலில் படித்தபோது எனக்கு ஏதோ கம்ப்யூட்டர் பேக்கப் மாதிரி குளிர்ச்சியாகத்தான் பட்டது. உங்கள் கேள்விக்குப் பிறகு அப்படிப் படவில்லை.

மகதலேனா மரியாளைப் பாருங்கள். அவளுக்கு மறதி நோய் கிடையாது. காலியான கல்லறைக்கு வெளியே எதிரே நிற்கிற இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். அவர் "மரியாளே" என்று பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிகிறது. அடையாளம் அவள் நினைவிலிருந்து வரவில்லை, அவர் கூப்பிட்டதிலிருந்து வந்தது. திருக்குறள் 339 "உறங்குவது போலுஞ் சாக்காடு" என்கிறது. நாமும் நித்திரை என்றுதான் சொல்கிறோம். வள்ளுவர் விழிப்பைப் பிறப்பு என்கிறார், இன்னொரு பிறவி. இங்கே விழிப்பது அதே ஆள், அதே பெயருக்கு.

அம்மாவை முதலில் கூப்பிடப்போகிறவர் நீங்கள் இல்லை. அவர் கூப்பிடுவார். அம்மா திரும்பிப் பார்ப்பார்.

11-05-2025, நள்ளிரவு

மேலே இருப்பது ஆறுதலுக்காக நான் கொஞ்சம் இழுத்த வியாக்கியானமா என்று யோசித்தேன். கொஞ்சம் இழுத்ததுதான். யோவான் மறதி நோயைப் பற்றி எழுதவில்லை. ஆனால் ஏசாயா 49-ல் ஒன்று இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று பயந்து விட்டிருந்தேன். ஒரு தாய் தன் பாலகனை மறப்பாளோ என்று கேட்டுவிட்டு, "மறக்கவேமாட்டாள்" என்று கவிஞர்போல முடிக்காமல், "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" என்கிறது. தாய் மறக்கலாம் என்பதை அது ஒத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் நடந்தது அந்த வசனத்துக்குத் தெரிந்திருக்கிறது.

14-05-2025

ஒரு மொழிக் குறிப்பு. பவுல் சொல்லும் மூன்று, பழைய பைபிளில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995-ல் வந்த திருவிவிலியத்தில் அதே இடம் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒரு சபையில் இரண்டாவதாக இருக்கும் சொல் இன்னொரு சபையில் முதலாவதாகிவிடுகிறது. கலப்புத் திருமண வீடுகளில் ஜெபம் பண்ணும்போது பாதிக் குழப்பம் இதனால்தான். "எதிர்நோக்கு" ரொம்பச் செயற்கை என்று பல வருஷம் கேலி செய்திருக்கிறேன். இப்போது பிடிக்கிறது. "நம்பிக்கை இருக்கு" என்றால் பையில் பத்திரமாக வைத்திருக்கிற பொருள்போல இருக்கிறது. எதிர்நோக்குகிறவன் இன்னும் வாசலில் நிற்கிறான், கால் வலிக்கிறது.

25-05-2025

"மேலுலகக் கனவு காட்டிக் கீழுலகில் சும்மா உட்கார வைக்கிற மருந்து" என்று ஒரு நண்பர் குத்தியிருக்கிறார். சில சபைகளில் அப்படித்தான் விற்கப்படுகிறது, மறுக்கமாட்டேன். ஆனால் கொரிந்தியரில் 15-ம் அதிகாரம் 58 வசனம், எக்காளம், மரணமே உன் கூர் எங்கே என்றெல்லாம் உச்சத்துக்குப் போய், அடுத்த வரி என்ன தெரியுமா? எருசலேமில் இருக்கிற ஏழைகளுக்கான தர்மப்பணம். வாரத்தின் முதல்நாள்தோறும் ஆளாளுக்கு எடுத்து வையுங்கள் என்று வரவுசெலவு பேசுகிறார். அதிகாரப் பிரிவு பிற்காலத்தில் போட்டது, பவுல் மூச்சுகூட விடவில்லை.

இன்னொரு உதாரணம், போன்ஹோபர். ஹிட்லர் எதிர்ப்பில் சிக்கிய ஜெர்மன் போதகர். 1945-ல் ஈஸ்டர் ஏப்ரல் 1. அடுத்த ஞாயிறு, 8-ம் தேதி, உடன் கைதிகள் கேட்டதால் சிறு ஆராதனை நடத்தினார். அன்றைய வாசகங்களில் ஒன்று 1 பேதுரு 1:3, உயிர்த்தெழுதலால் வரும் "ஜீவனுள்ள நம்பிக்கை." முடித்து ஜெபம் பண்ணின கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் விடியலில் ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவரை யாரும் தூக்கில் போடமாட்டார்கள்.

08-06-2025

தங்கச்சி எழுதியிருந்தார். அம்மாவின் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்று போனில் கிடைத்ததாம், மறதி வருவதற்கு முன்னால் அனுப்பியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, "கரன்ட் பில் கட்டிட்டியா" என்று கேட்கிறது. முதல் தடவையாக நன்றாக அழுததாக எழுதியிருக்கிறார். நான் ஒன்றும் பதில் போடவில்லை.

நேற்று தம்பி கல்லறைக்குப் போனேன். வரும் வழியில் கல்லில் எழுத்து வெட்டுகிறவரைப் பார்த்தேன். ல-வை ள ஆக்க முடியாது சார், அந்தப் பலகையையே மாற்றணும் என்றார். மாற்றுங்கள் என்றேன். "இத்தனை வருஷம் கழிச்சா?" என்று கேட்டுவிட்டு, பெயரை எழுதித் தரச் சொன்னார். அவர் கொடுத்த அட்டையின் பின்பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதி, ள-வை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன்.